காருக்குள் கம்ப்யூட்டர் வைத்தவர் பேர்

மருமகனின் புதுக் காரில் பாட்டுப் போடும் திரை திடீரென்று இருண்டுபோனது. ஷோரூமுக்குக் கொண்டுபோனோம். சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய்க்கறைகூட இல்லாத தம்பி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தொறக்கக் கூடாதுங்க சார், முழு யூனிட்டும் மாத்தணும்ங்க" என்றார். ஏன் தொறக்கக் கூடாது, இதை யார்தான் செய்தது என்று கேட்டேன். "அது கம்பெனிலயே வருதுங்க" என்கிறார். மனுசக் கை படாமல் வானத்திலிருந்து விழுந்த மாதிரி. நான் போட்ட சத்தத்தில் மருமகன் என்னைக் காருக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டார். உள்ளே புது ரெக்சின் வாசனை. அது போதும், பாய் நினைவுக்கு வந்துவிட்டார்.

பாய் என்றால் கோட்டைமேட்டு ஜபருல்லா பாய். கார் சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் ரெக்சின் ஒட்டுகிறவர். கணபதியில் என் ஆட்டோ எலக்ட்ரிகல் கடைக்குப் பக்கத்துக் கொட்டகை அவருடையது. நான் எட்டாவதோடு நின்றவன். அவர் அதுகூட இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் வெள்ளகோவில் அரிசி ஆலைக்காரர் ஒருவர் தன் அம்பாசிடரைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏனுங்க, இதுக்குள்ள ஒரு கம்ப்யூட்டரு வெக்கோணும். முடியுமுங்களா?" என்றார். அதுவரை நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. இருந்தாலும், "முருகன் இருக்கறானுங்க, செஞ்சுபோடலாம்" என்று வாயை விட்டுவிட்டேன்.

பாய் சிரித்தார். "வயரிங்கும் அவரே பாப்பாரா மாப்ளே?"

மூன்று மாதம் ஆனது. காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் விற்பவரிடம் கேட்டுக் கேட்டு நான் வயர் இழுத்தேன். டேஷ்போர்டுத் தகரத்தை வெட்டி, சின்னக் கறுப்பு வெள்ளைத் திரை உட்காரக் கூடு வளைத்தது பாய். வண்டி குழியில் குதித்தால் ஹார்டு டிஸ்க் போய்விடும் என்றார்கள். சைக்கிள் ட்யூப்பை வார் வாராக அறுத்து, டிஸ்க்கைத் தூளி மாதிரித் தொங்கவிட்டதும் பாய்தான். வேலை முடிந்த வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டி, திரையோரம் சந்தனப் பொட்டு வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, எல்லாம் ஆலைக்காரர் மகனின் காலேஜ் கண்காட்சிக்கு என்று. வண்டியோடு எங்களையும் கூட்டிப்போனார்கள். போர்டில் நாலு மாணவர்கள் பேர், மேலே புரொபசர் பேர். என் சந்தனப் பொட்டைத் பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்திருந்தார்கள். புரொபசர் பக்கத்தில் வந்து, "நீங்க ரெண்டு பேரும் கேன்டீன்ல டிபன் சாப்புட்டுப் பொறுமையா வாங்க" என்றார். எங்கள் ஊரில் வெளியே போ என்பதைக்கூட இலை போட்டுத்தான் சொல்வார்கள்.

பாதித் தோசையில் ஆள் ஓடி வந்தது. சிறப்பு விருந்தினர் முன்னால் திரை அணைந்துபோச்சாம். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் இழுக்கிற இழுப்பில் பேட்டரி துவண்டுவிடும்; முதலில் வண்டி, பிறகுதான் கம்ப்யூட்டர். செய்தவனுக்குத்தானே தெரியும். சரி செய்தேன், எழுத்துகள் வந்தன. பெயர்ந்திருந்த ரெக்சின் மூலையைப் பாய் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்றார்.

விருந்தினர் வயசானவர். எங்கள் நகக்கண் அழுக்கைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்க, இதைச் செஞ்சது யாரு?"

புரொபசர் முகம் வெளுத்துவிட்டது. ஆலைக்காரர் மகன் தரையைப் பார்த்தான். பாய் என்னைப் பார்த்தார்.

"தம்பிங்கதானுங்க செஞ்சாங்க" என்றேன். "நாங்க சும்மா ஸ்க்ரூ முடுக்கினோமுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள்.

பஸ் ஸ்டாப்பில் பாய் கேட்டார். "உம் பேரு உன்னுது, நீ தூக்கிக் குடு. எம் பேரை எதுக்குக் குடுத்தே?"

"அந்தப் பையன் மானம் போயிரும்னுதான் பாய்…"

"அவன் மானத்தப் பாத்தே. சரி." அதற்குள் பஸ் வந்துவிட்டது.

இத்தனை வருசமும் சாமி பொட்டை அழித்தார் என்று அந்தப் புரொபசரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பாய் பேரை அழித்தவனை யாரும் திட்டவில்லை, பாய்கூட. அதற்கப்புறமும் பக்கத்துக் கொட்டகையில்தான் இருந்தார், வேலைக்குக் கூப்பிட்டால் வந்தார், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க நானும் நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ரம்ஜானுக்கு முந்தின வாரம் அவர் போய்ச் சேர்ந்தார். அம்பாசிடரைப் பொள்ளாச்சிப் பக்கம் ஏதோ காயலான் கடையில் உடைத்துவிட்டார்களாம். கொட்டகை இருந்த இடத்தில் ஸ்கேன் சென்டருக்குக் கார் நிறுத்துகிறார்கள். கேள்வி கேட்ட பெரியவரும் இப்போது இல்லை. இன்றைக்குக் கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவேன். கேட்கத்தான் ஆளில்லை.