கயிறு அண்ணன் கையில்

தம்பிக்கு ரத்தம் கொடுக்க வேலூர் போகும் பேருந்தில், இன்று ஒரு நாவலைப் பாதியில் மூடிவிட்டேன்.

அப்பா இறந்ததைக்கூட எனக்குச் சொல்லாத தம்பி. அவனுடைய அரிய ரத்த வகை குடும்பத்தில் எனக்கு மட்டும்தான்.

கதை வெள்ளைக்காரன் காலத்தில் நடக்கிறது. தோல் பதனிடப் பட்டை தேடி அண்ணனும் தம்பியும் ஜவ்வாது மலை ஏறுகிறார்கள். தேனடைக்கு ஆசைப்பட்டுத் தம்பி கயிற்றில் தொங்கிப் பாறையில் இறங்குகிறான்.

"கயித்த மச்சான்தான் புடிக்கணும், சொத்துல பங்குக்கு வர்ற பங்காளி புடிக்கக் கூடாது" என்று மலைக்காரர்கள் தடுத்தும் இருவரும் கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்த அண்ணனுக்கோ தம்பிமேல் வெகுநாள் கோபம்.

அவன் கை தளரட்டும் என்று நினைத்தேன். நினைத்தது நான்தான் என்று உறைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

துணைக்கு வந்த என் மனைவியின் தம்பி திரும்பிப் பார்த்தான்.

"இன்னா மாமா, இப்டி வேர்க்குது? ஊசின்னா பயமா?"

"கதைடா."

"கதையாம் கதை! நடுவுல எறங்கிப் போய்டுவீங்கன்னுதான் அக்கா என்னையும் ஏத்தி உட்டுச்சி."

இறங்கவில்லை. ரத்தம் கொடுத்தாயிற்று. தம்பியைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

கோபம் அப்படியே இருக்கிறது. யாரும் பாராட்ட வேண்டாம். அந்த நாவலைப் படித்து முடித்தவர்கள் மட்டும், நானே கேட்டாலும், முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.