எடுக்கக் கூடாத போன்

நாள் முழுக்கக் கதைப்பதுதான் இப்போது என் தொழில். வவுனியாவில் குளிரூட்டிய அறையொன்றில், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் முறைப்பாடுகளைக் கேட்டு, "மன்னிக்க வேண்டும், கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். மாலையில் வாடகை அறைக்குத் திரும்பினால் வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் போனில், குடும்பக் குழுவில் ஆள் மாறி ஆள் வந்து நிற்பார்கள். கனடாவில் ஒருவருக்குப் பனி, பிரான்சில் ஒருவருக்குப் பிட்டு. எல்லாம் இலவசம். கதைப்பது இலவசமானதும் மனிதருக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்பது என் அபிப்பிராயம். இதைச் சொன்னால் மாமா, "நீ இந்த வயசிலேயே கிழவி ஆகிட்டாய்" என்பார். போன் விஷயத்தில் மட்டும் மாமாவுக்கு வாய் திறக்க உரிமையில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து கண்டாவளைப் பக்கம் திரும்பி வந்திருந்தோம். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரைதான் இல்லை. அந்தக் கூரையைப் போடுவதற்காக அப்பா கட்டாருக்குப் போய் வேறு யாருக்கோ மாடிக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே வேலையாட்கள் தங்கும் இடத்துக்கும் முகாம் என்றுதான் பெயர். நானும் அம்மாவும், அம்மாவின் தம்பியான மாமாவும், கூரையில்லாத வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்றில் இருந்தோம். மாமா பகலில் ஊரார் வீடுகளுக்கு அச்சில் சீமெந்துக் கல் அரியப் போவார். மின்சாரம் இன்னும் பெரிய வீதியைவிட்டு எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை.

அம்மாவின் சிக்கனம் ஊரறிந்தது. தேய்ந்த சவர்க்காரத் துண்டுகளைச் சேர்த்து உருட்டிப் புதுச் சவர்க்காரம் செய்வார். தேநீருக்குள் சீனி போட்டால் அது கரைந்து வீணாகிவிடுமாம். அதனால் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு தேநீரைக் குடிக்க வேண்டும். போன் வாங்கிய விதமும் அப்படித்தான். திரை செத்துப்போன பழைய போன் ஒன்றை மாமா மலிவாகக் கொண்டுவந்தார். யார் அழைக்கிறார்கள், எத்தனை மணி என்று எதுவும் தெரியாது.

"மணி அடிச்சால் காணும். நாங்கள் என்ன படம் பாக்கவோ போறம்?" என்றார் அம்மா.

சந்திக் கடையில் ஜெனரேட்டர் ஓடும்போது அதைச் சார்ஜ் போட்டு வாங்குவோம். பகல் முழுக்க அதை நிறுத்தி வைத்திருந்து, விளக்கு வைக்கிற நேரம்தான் அம்மா அதற்கு உயிர் கொடுப்பார். கொட்டிலுக்குள் சிக்னல் கிடையாது. முற்றத்து வேப்பமரத்தில், என் தலைக்கு எட்டாத உயரத்தில் மட்டும் கிடைக்கும். ஆகவே அங்கே ஒரு பால்மாத் தகரப் பேணியைக் கட்டி, போனை அதற்குள் வைத்தோம். அது அடித்தால் பேணி அதிர்ந்து ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

சட்டம் ஒன்றுதான். வேலை முடிந்து முகாமுக்கு வந்ததும் அப்பா ஒரு மிஸ்கோல் அடிப்பார். ஒருதரம் கத்திவிட்டு நின்றால் அவர் சுகம். எடுக்கக் கூடாது, எடுத்தால் அவருடைய காசு போய்விடும். நிற்காமல் கத்தினால் மட்டும் எடுக்கலாம். அப்படி அது கத்தவே கூடாது என்று அம்மா அம்மன் கோயிலில் நேர்ந்து வைத்திருந்தார். பேணி அதிரும்போது அடுப்பில் என்ன வேலையாக இருந்தாலும் அம்மா தலையைத் தூக்கி, மரத்தைப் பார்த்து, "ஓம்" என்பார். பிறகு கறியைக் கிளறத் தொடங்குவார். எங்கள் வீட்டில் தொலைபேசி உரையாடல் அவ்வளவுதான். எனக்கோ அப்பாவிடம் கேட்க ஒரு சைக்கிள் இருந்தது. அதற்காகவாவது ஒருநாள் போன் நிற்காமல் கத்தட்டும் என்று நான் இரகசியமாக ஆசைப்பட்டேன்.

மாமா நவீனத்தின் ஆள். கல் அரிந்து நாரி முறிந்து வந்தாலும், பாயில் கிடந்து தன் போனைத் தட்டிக்கொண்டே இருப்பார். அவருடையதும் அதே வகைப் போன், ஆனால் திரை உயிரோடிருந்தது. அதனால் எந்தப் பொத்தான் எங்கே கொண்டுபோகும் என்பது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

"அக்கா, இதென்ன அம்புலன்ஸ் மாதிரிச் சத்தம்? அத்தான் அடிக்கேக்கை நல்லதாக் கேக்க வேண்டாமோ?" என்று சொல்லி, ஒரு பின்னேரம் செத்த திரையைப் பார்த்தபடியே பொத்தான்களை அமத்தி, மணியை மாற்றிவிட்டார். எங்கோ தூரத்தில் தொடங்குவதுபோல் மெல்லத் தொடங்கி, வரவரப் பெருக்கும் இசை அது. எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவும் சிரித்தார். போன் பேணிக்குள் போனது.

அன்று மணி அடிக்கவில்லை.

"அத்தானுக்கு ஓவர்டைம் வந்திருக்கும்" என்றார் மாமா. அம்மா எனக்குச் சோறு போட்டார். மறுநாள் மாலையும் மரம் பேசாமல் நின்றது. அம்மா மாமாவைப் பார்த்து, "போன் பழுதாப் போச்சோ, பார்" என்றார். மாமா ஒழுங்கை முனைவரை போய்த் தன் போனிலிருந்து அடித்தார். பேணிக்குள் ஏதோ முணுமுணுத்தது, பிறகு இசை பெருகி, பக்கத்து வளவு நாய் குரைக்கும்வரை கேட்டது. "பாத்தியளே, போன் நல்ல வடிவா வேலை செய்யுது" என்று வெற்றியோடு வந்தார் மாமா. அந்த வார்த்தையைக் கேட்டதும் அம்மா முற்றத்திலேயே குந்திவிட்டார். போன் பழுதில்லை என்றால் பழுது வேறெங்கோ. உயரமான கட்டடத்தில் நிற்கிற மனிதர். போனமாதம்தான் பரந்தன் பக்கத்து ஆள் ஒருவர் அங்கிருந்து பெட்டியில் வந்திருந்தார்.

விடிந்ததும் அம்மா பேருந்தேறிப் பரந்தனுக்குப் போய், கடையொன்றிலிருந்து கட்டாருக்கு அடித்துப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. வேலைத்தளத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் சேலையை மாற்றவில்லை, அடுப்பை மூட்டவில்லை. எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. சைக்கிள் வேண்டாம், அப்பா ஒருதரம் அடித்தால் போதும் என்று நானும் அம்மனோடு பேரம் பேசினேன்.

பொழுதுபட அம்மா உரலை வேப்பமரத்தடிக்கு உருட்டி, அதன்மேல் ஏறி, போனைப் பேணியிலிருந்து எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டு நின்றார். மாமா வேலியோடு ஒட்டி நின்றார். இருட்டு வந்து, நுளம்பும் வந்தது. திடீரென்று அம்மாவின் முகம் மாறியது. காதுக்குள் மட்டும் கேட்கிற அளவில் அந்த இசை தொடங்கியிருக்க வேண்டும். அது பெருகுவதற்குமுன் அவர் பொத்தானை அமத்திவிட்டார். சட்டத்தைப் போட்டவரே சட்டத்தை மீறினார்.

"என்ன? என்ன நடந்தது? பிள்ளைக்கு என்ன?" அப்பாவின் குரல் எனக்கே கேட்டது. எடுத்தால் ஏதோ கெடுதி என்று அவரும் பயந்துவிட்டார்.

"ஒண்டுமில்லை. ஒண்டுமில்லையப்பா."

"நான் ஒவ்வொருநாளும் அடிச்சனான்தானே?"

"ஓம்."

"பிறகென்ன?"

அம்மா பதில் சொல்லவில்லை. அப்பாவும் பேசவில்லை. நான் உரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தாங்கோ, நான் கதைக்கிறன்" என்று குதித்தேன். பேரம் முடிந்து அப்பா சுகமென்று தெரிந்ததும் சைக்கிள் திரும்பவும் நினைவுக்கு வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒரு சொல் இல்லை. நெருப்புக்குச்சியை மிச்சம் பிடிக்கிற மனுசி, அப்பாவின் காசு ஓடிக்கொண்டிருக்க, சும்மா நின்றார். கடைசியில் காசு முடிந்து, இணைப்பு தானே அறுந்தது. அதன் பிறகும் அவர் உடனே இறங்கவில்லை.

அப்பாவின் மிஸ்கோல் ஒவ்வொருநாளும், அந்த இசை பெருகுமுன்னமே நின்றுபோயிருக்கிறது. மாமா போனை வாங்கி, யாரும் சொல்லாமலே பழைய அம்புலன்ஸ் சத்தத்தைத் திரும்ப வைத்தார். அம்மா அவரை ஏசவில்லை, அடுப்பை மூட்டப் போய்விட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. அடுப்படிக்குப் போய், "ஏன் ஒண்டும் கதைக்காமல் நிண்டனீங்கள்? எல்லாக் காசும் வீணாப் போச்சு" என்று கேட்டேன்.

"கதைச்சனாங்கள்தானே" என்றார் அம்மா.

கண்ணெதிரே நடந்ததை ஒளிக்கப் பார்க்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. எனக்கு வாங்கித் தந்திருக்கக்கூடிய சைக்கிளில் ஒரு சில்லாவது அந்தச் சும்மாவில் கரைந்துபோனது என்று கணக்குப் பார்த்து, அன்றைக்கு நான் உள்ளங்கைச் சீனியைத் தொடாமல், வெறும் தேநீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன்.