மார்க் இறங்கிய அறை

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில் மார்க் வாங்காத பிள்ளைக்கு மரியாதை கிடையாது. தொண்ணூற்றெட்டு வாங்கிப் போனாலும் அப்பா, "மிச்சம் ரெண்டு எங்க போச்சு?" என்பார். பாயான் பாரு ஃபேக்டரியில் நாளெல்லாம் நின்று அலுத்து வரும் மனிதருக்கு, அதைக் கேட்க மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வருமோ!

எட்டு வயதில் என் வயிற்றுக்குள் புற்றுநோய்க் கட்டி வந்தது. கீமோவுக்கெல்லாம் அது மசியவில்லை. கடைசியில் கதிர்வீச்சு ஏற்றிய ஒரு மருந்தை டிரிப்பில் விட்டார்கள். அது உடம்பெல்லாம் சுற்றி, கட்டியைத் தேடிப் பிடித்து அடிக்குமாம். அது உள்ளே இருக்கும்வரை என் உடம்பிலிருந்தே கதிர் வரும் என்பதால் தனி அறை, நடுவில் ஈயத் தடுப்பு. அம்மா கைக்குழந்தைத் தம்பியோடு வீட்டில். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு அப்பா. நாளெல்லாம் டிவி, கேட்டபோதெல்லாம் ஐஸ்கிரீம். எனக்குக் கொண்டாட்டம்தான்.

காலையில் ஓர் அக்கா வந்து, தள்ளி நின்று, கதிர் அளக்கும் மீட்டரை என் பக்கம் நீட்டி ஓர் எண்ணைச் சொல்வார். முதல் முறை நூறைத் தாண்டியது. அடேங்கப்பா! எப்போதும் முதலாவதாக வரும் பெரியம்மா மகன்கூட அப்படி வாங்கியதில்லை. மறுநாள் குறைந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். அப்பா முகத்தைப் பார்க்கவே பயந்து, போர்வைக்குள் புகுந்து அழுதேன்.

"என்னம்மா, வலிக்குதா?"

"மார்க் இறங்கிட்டே போகுதுப்பா. நான் ஒழுங்காத்தான் படுத்திருந்தேன்!"

அப்பா சிரித்தாரே ஒரு சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இறங்கட்டும்லா! இறங்குனாத்தான் வீட்டுக்கு விடுவாங்க. நீ முட்டை வாங்கு கண்ணு, அப்பா உனக்கு சைக்கிள் வாங்கித் தரேன்!"

அப்புறம் ஒவ்வொரு காலையும் அமர்க்களம். எண் குறைந்தால் அப்பா கைதட்டுவார், நான் கட்டிலில் ஆடுவேன், மீட்டர் அக்காவும் ஒரு சுற்று ஆடுவார். "போகலாம்" என்று அவர் சொன்ன அன்று, அப்பா அம்மாவுக்குப் போன் போட்டு, "புள்ள கம்மி மார்க் வாங்கிட்டா!" என்று வார்டே அதிரக் கத்தினார்.

கட்டி மெல்ல மெல்லச் சுருங்கி, ஒரு ஸ்கேனில் காணாமலே போனது. நான் பள்ளிக்கூடம் திரும்பினேன். முதல் பரீட்சையில் கணக்கில் ஃபெயில். ரிப்போர்ட் அட்டையைப் பயந்துகொண்டே நீட்டினேன். அப்பா அதைப் பார்க்கக்கூட இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் மார்க் கேட்டதே இல்லை.

இது மக்கு, இனிக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று அப்பா என்னைக் கைகழுவிவிட்டதாகவே நினைத்தேன். வெகுநாள் அந்த வருத்தம் எனக்கு இருந்தது.