களிம்பு பூசிய குழந்தை

என் மகளுக்கு மூன்றாம் மாதத்தில் கன்னம் சிவந்தது. பனிக்காலம், அதனால் சிவக்கிறது என்று நினைத்தோம். பிறகு அந்தச் சிவப்பில் பொடிப்பொடியாக நீர்ப்பொட்டுகள் வந்தன. உடைந்து கசிந்தன. மேலே மஞ்சளாகப் பொருக்குக் கட்டியது. கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு என்று இறங்கியது. தெருவில் கரப்பான் என்றார்கள்.

நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறோம். என் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறார். வீட்டின் பின்பக்கம்தான் பட்டறை. அடுப்பு, செப்புத் தொட்டிகள், நூல் காயப்போட மூங்கில்கள். முன்பக்கம் ஓர் அறை. நடுவில் கதவு கிடையாது, சாக்குத் திரைதான். நான் ஏழாவது வரை படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். சாயம் போடுவது ஓர் ஆள் வேலை இல்லை. அவர் கொதிக்கிற தண்ணீரில் நூலைப் புரட்டுவார். நான் நெருப்பைப் பார்ப்பேன், அலசுவேன், காய்ந்த நூலை உதறிக் கட்டுவேன்.

எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்தாள்.

"கத்திரிக்கா துன்னியா?"

"இல்லக்கா."

"கருவாடு?"

"ஒரு நா துன்னேன்."

"அதான். நீ துன்ற, அது சொறியுது. பால் குடுக்கறவ நாக்க வளக்கலாமா? வாயக் கட்டுமா கொஞ்சம்."

கட்டினேன். கருவாடு, முட்டை, கத்திரிக்காய், புளி எல்லாம் விட்டேன். நான் இளைத்தேன். அவளுக்குக் குறையவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார்கள். பூசினேன். பிள்ளை அலறிய அலறலில் சொன்ன அக்காவே ஓடிவந்தாள். "கழுவுடி, கழுவு" என்று அவளே தண்ணீர் மொண்டு ஊற்றினாள். நல்லவள்தான்.

தோல் டாக்டரிடம் போனோம். வயதான அம்மா. குழந்தையின் சட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"துணியெல்லாம் எதுல துவைக்கிறீங்க?"

என் கணவர் கொஞ்சம் பெருமையாகச் சொன்னார். "நூலு வேக வெச்ச தண்ணி மேடம். சும்மா பளிச்சுன்னு ஆயிடும்."

வாங்கி வரும் பட்டு நூலில் பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் பசை போய் நூல் மெத்தென்று ஆகும். பிறகுதான் சாயம் பிடிக்கும். அந்தத் தண்ணீரை எங்களைப் போன்றவர்கள் வீட்டில் யாரும் கீழே ஊற்றுவதில்லை. சூடு ஆறுவதற்குள் வீட்டுத் துணியைப் போட்டு அலசிவிடுவோம். குழந்தைத் துணியை அதில்தான் முதலில் போடுவோம். நூலே மெத்தென்று ஆகிற தண்ணீர் ஆயிற்றே.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தச் சோடா துணியிலேயே தங்கும்பா. நூல்ல இருக்கிற பசையையே எடுக்குதுன்னா குழந்தை தோலை விட்டு வைக்குமா?"

பஸ்ஸில் வரும்போது என் கணவர் குழந்தையின் சட்டையைத் தடவிக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "அவ பொறந்ததுலேர்ந்து அதுலதானமே போட்டோம்" என்றார்.

தண்ணீரை மாற்றினோம். கன்னம் தெளிந்தது. நான் சந்தோஷப்பட்டேன், அதற்குள் வெயில் காலம் வந்தது. மறுபடியும் கழுத்தில் ஆரம்பித்தது. இன்னொரு தடவை போனோம்.

"இது ஒரேடியா போற வியாதி இல்லம்மா" என்றார் டாக்டர். "அவ தோலு அப்படி. வளர வளர அடங்கலாம். அதுவரைக்கும் நாமதான் அடக்கி வெச்சுக்கணும். புகை, ஆவி, வேர்வை எதுவும் ஆகாது. வீடு மாத்த முடியுமா?"

"வீடும் பட்டறையும் ஒண்ணுதான் மேடம்" என்றார் அவர்.

டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சூடு கூடாது. வெகுநேரம் ஊற்றக்கூடாது. துண்டால் தேய்க்கக்கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். உடம்பில் ஈரம் இருக்கும்போதே வெள்ளைக் களிம்பைத் தாராளமாகப் பூச வேண்டும். மருந்துக் களிம்பு சிவந்த இடத்துக்கு மட்டும், மெல்லிசாக, சொன்ன நாள் வரைக்கும். நகம் வளரக்கூடாது. நான் என் கணவரின் பழைய வேட்டியைக் கிழித்துச் சட்டை தைத்தேன். தையலின் பிசிறு வெளிப்பக்கம் வரும்படி தைத்தேன். உள்பக்கம் இருந்தால் உறுத்தும். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

களிம்பு பூசினால் பிள்ளை நன்றாக இருந்தாள். பூசாவிட்டால் சொறிந்தாள். ஆகவே காலை, மத்தியானம், சாயங்காலம் என்று தலை முதல் கால் வரை பூசினேன். தூக்கினால் வழுக்கும்.

பட்டுக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது. பட்ட இடத்தில் சாயம் ஏறாது. திட்டுத்திட்டாக நிற்கும். அந்த நூலை நெய்பவர் வாங்கமாட்டார். நான் அவளுக்குப் பூசிவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். புறங்கையை முகர்ந்து பார்ப்பேன். பிறகுதான் நூலைத் தொடுவேன். அவள் அழுதால் நூலை வைத்துவிட்டுத் தூக்குவேன். மறுபடியும் கை கழுவ வேண்டும், சேலை மாற்ற வேண்டும். தோளில் அவள் கன்னம் பட்ட பிசுக்கு இருக்கும். சேலையில் இருந்து நூலுக்கு வந்துவிடும்.

நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் திரையைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டாள். சாயத்துக்காக வெள்ளை நூல் பாயில் அடுக்கியிருந்தது. பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும். அவள் அதன்மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். கன்னத்தை வைத்துத் தேய்த்தாள். அரிப்புக்குச் சுகமாக இருந்திருக்கும். நாங்கள் பார்க்கவில்லை. அரக்குச் சாயத்தில் நூலைப் போட்டு எடுத்த பிறகுதான் தெரிந்தது. ஒரு கல்யாணப் புடவைக்கான நூல். நடுவில் சின்னக் கை அளவுக்கு வெளுப்பு.

அவர் அவளை அடிக்கவில்லை. நூலை மறுபடி வேகவைத்தார். அன்று முதல் வீட்டில் ஒரு வார்த்தைதான்.

"தொடாத பாப்பா. பட்டு."

நான் சொன்னேன், அவர் சொன்னார், நூல் கொண்டுவருகிறவர்கள் சொன்னார்கள். நான் நூல் உதறும்போது அவள் ஓடிவருவாள். நான் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொள்வேன். அவள் என் முட்டிக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்ப்பாள். கொஞ்ச நாளில் ஓடிவருவதை நிறுத்திவிட்டாள்.

அந்த வருடம் மாசியில் என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அவளைத் திருமுக்கூடல் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாமாவுக்குக் கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. கல்யாணமாகி வெகுநாளாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டைச் சுற்றி வெளி. ஆற்றுக் காற்று வரும். என் மகள் அங்கே போன சில நாளிலேயே சொறிவதைக் குறைத்தாள். முழங்கை மடிப்பில் பொருக்கு உதிர்ந்து, உள்ளே புதுத் தோல் தெரிந்தது.

மாமா சிரித்தார். "இன்னாடி இது, எண்ண தடவுன கன்னுக்குட்டி கணக்கா மின்னுது?"

"வுட்டுட்டுப் போ" என்றாள் அக்கா. "தேறட்டும். அப்பால இட்டுக்கினு போ."

"பாத்துப்பியா?"

"கேக்கறா பாரு கேள்வி. போடி."

எப்படிப் பூச வேண்டும் என்று அக்காவிடம் காட்டினேன். அக்கா அழுத்தித் தேய்த்தாள். அப்படி இல்லை, முடி படியும் திசையில் மேலிருந்து கீழே, மெதுவாக என்று அவள் கையைப் பிடித்துக் காட்டினேன். பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் தூங்கும்போது கிளம்பினேன். அப்போது இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. ஜாக்கெட் நனைந்தது. முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தேறியதும் கூட்டிவரலாம் என்றுதான் விட்டேன். கோடையில் அடுப்பு அனல் தாங்காது, வேண்டாம் என்றார் அவர். பிறகு ஆவணிக் கல்யாணங்களுக்காக வேலை தலைக்குமேல் இருந்தது. பிறகு மழை. நூல் வெளியே காயாமல் அறைக்குள் கட்டினோம். அறை முழுக்க ஆவி. அப்படியே போயிற்று.

எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. சாயமும் போடுவதில்லை. அமாவாசைக்கு அமாவாசை போய்ப் பார்த்தேன். இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஒருமுறை நான் போனபோது அக்கா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாச் சேலையிலும் இடது தோள் இருக்கும் இடத்தில் பிசுக்குக் கறை. துவைத்தும் போகவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாடி பாக்கற? உம் பொண்ணு வேலதான். இருக்கற பொடவையெல்லாம் போச்சி" என்று அக்கா சிரித்தாள். அவளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

என் மகள் உள்ளே இருந்து ஓடிவந்தாள். அப்போதுதான் பூசியிருக்கிறார்கள், மின்னினாள். அக்காவின் காலைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட போடி" என்றாள் அக்கா.

"தொடக் கூடாது."

"இங்க பட்டு இல்லடி. போ, தொடு."

வந்தாள். ஒரு விரலால் என் முழங்காலைத் தொட்டாள். தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் திட்டவில்லை என்று தெரிந்ததும் திரும்பி ஓடிவிட்டாள்.

இதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் செங்கல் வாங்கி வந்தார். அறைக்கும் பட்டறைக்கும் நடுவில் அவரே சுவர் எழுப்பிக் கதவு வைத்தார். கதவுக்குக் கீழே காற்று வராமல் ரப்பர் அடித்தார். பட்டறையில் ஆவியை இழுக்கிற மின்விசிறி மாட்டினார். அறைக்கு இரண்டு கை வெள்ளை அடித்தார். "இப்ப இட்டுக்கினு வாமே" என்றார். அவர் அவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

கூட்டிவந்தேன். அக்கா பஸ்வரைக்கும் வந்தாள். அழவில்லை. களிம்பு டப்பாவை என் பையில் வைத்து, "தீந்துட்டா இதே வாங்கு, வேற வாங்காத" என்றாள்.

முதல் சில நாள் நன்றாக இருந்தது. நான் நூலைத் தொடவில்லை. எல்லாவற்றையும் அவரே செய்தார். கதவு சாத்தியே இருந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாடி, மகாராணி ஆயிட்ட?" என்றாள். "ஆமாக்கா" என்றேன்.

பிறகு அவருக்குத் தனியாக முடியவில்லை. அலச ஓர் ஆள் வேண்டும். கையில் சூட்டுக் கொப்புளம் வந்தது. நான் போனேன். வந்து போகும்போது என் சேலையிலேயே ஆவியும், சாயத்தில் ஊற்றுகிற ஆசிட்டின் நெடியும் உள்ளே வந்தன. முதலில் கண் இமை சிவந்தது. பிறகு காதுக்குப் பின்னால் வெடித்தது. சொறிந்து சொறிந்து புண்ணில் சீழ் வைத்து ஜுரம் வந்துவிட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஒன்றும் திட்டவில்லை. அன்று முழுக்க அவள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அம்மாகிட்ட போலாம், அம்மாகிட்ட போலாம்" என்று அழுதாள்.

நான் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கதவருகில் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டது.

"ஜொரம் வுட்டதும் கொண்டுபோய் வுட்டுடு" என்றார். அப்புறம் பட்டறைக்குப் போனார். வேலை எதுவும் இல்லை அன்றைக்கு. ஆனாலும் போனார்.

நான் அக்கா வீட்டிலேயே தங்கிவிடலாமே என்று தெருவில் கேட்டார்கள். தங்கிப் பார்த்தேன். அவர் தனியாகப் போட்ட சாயம் இரண்டு தடவை திரும்பி வந்தது. நூல் கொடுப்பவர்கள் வேறு ஆளைப் பார்த்தார்கள். எங்களுக்கு வேறு வேலை தெரியாது. திரும்பினேன்.

போன ஆனியில் அவளைப் பால்வாடியில் சேர்த்தோம், அக்கா ஊரில்தான். அமாவாசை இல்லை, ஆனாலும் அவர் போகச் சொன்னார். நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தோம். கை, கால், கன்னம் எல்லாம் சுத்தமாக இருந்தது. கழுத்தில் மட்டும் கொஞ்சம் நிறம் மங்கல். தெரியாதவர்கள் பார்த்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

டீச்சர் சின்ன வயசுப் பெண். அக்கா விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் கவனமாகக் கேட்டார்.

"சரி, வேர்த்து அரிச்சா, புள்ள அழுதா, உடனே யாரைக் கூப்புடறது? அம்மா யாரு, நீங்களா, அவங்களா?"

"இவதான்" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

"இல்ல டீச்சர்" என்றேன். "இவங்கதான் அம்மா. நான் சித்தி."

அக்கா என் கையைப் பிடித்தாள். "ஏண்டி" என்றாள்.

"நான் வந்து சேர ரெண்டு பஸ்ஸு மாறணும்கா."

பிள்ளை சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அவளுக்கு அதில் புதுசாக ஒன்றும் இருந்திருக்காது.

டீச்சர் கதவைத் திறந்தார். உள்ளே குழந்தைகள் சத்தம் போட்டன. இடம் சின்னது.

"அம்மா மட்டும் உள்ள வாங்க. மொத நாளு கொஞ்ச நேரம் கூட ஒக்காருங்க. சித்தி, நீங்க வெளிய இருங்க" என்றார்.

வெளியே இருந்தேன்.