பூ வைத்தவர்கள் டேஸ்டிங் ரூமுக்குள் வரக்கூடாது

1. முதல் முழுங்கு

வேலையில் சேர்ந்த முதல் நாளே, காலை பதினொரு மணிக்கு, என்னைப் பீர் குடிக்கச் சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, வாடிப்பட்டி தாண்டி இருந்த ஒரு சின்ன பீர் கம்பெனியின் லேபில் கெமிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம், மகால் பக்கம் வீடு. என் வீட்டுக்காரருக்கு நான் பார்க்கும் வேலை தெரியும். மாமியாரிடம் மட்டும் "டானிக் கம்பெனி" என்று சொல்லி வைத்திருந்தார். அதுவும் முழுப்பொய் இல்லை என்பது அவர் வாதம்.

பீர் காய்ச்சுவதற்குப் பொறுப்பான ஹெட் புரூவர் மாணிக்கம் சார் ஒரு கிளாஸில் பாதி ஊற்றி என் முன்னால் வைத்தார். நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது.

"துப்பிடலாமா சார்?"

"ஒயினைத் துப்பலாம்மா. பீரைத் துப்புனா கசப்பு தெரியாது. கசப்பு அடிநாக்குல உக்காந்திருக்கு. ஒரே ஒரு முழுங்கு உள்ள போகணும்."

மூக்கைப் பிடிக்காமல் குடி, மூக்குதான் இங்கே வேலை செய்கிறது என்றும் சொன்னார். முழுங்கினேன். "எப்படி இருக்கு?" என்றார். "ஆறிப்போன வேப்பம்பூ ரசம் மாதிரி இருக்கு சார்" என்றேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படித்தாம்மா சொல்லணும். நல்லாருக்கு, நல்லால்லங்கிறதுக்கு எதுக்குச் சம்பளம்?"

மாணிக்கம் சார் ஜெர்மனியில் படித்தவர். கம்பெனி விற்றது லாகர் என்ற ஒரே ஒரு சாதாரண பீர். அதில் அவருக்கு மனம் நிறையவில்லை. ஷெட்டின் மூலையில் ஒரு குட்டி டேங்க் வைத்துக்கொண்டு கோதுமையில் வீட் பீர், முளைகட்டி வறுத்த பார்லி மால்ட்டில் கறுப்பு ஸ்டவுட், வெளிறிய பேல் ஏல் என்று மாற்றி மாற்றிக் காய்ச்சிப் பார்ப்பார். "கூலிங்கா இருக்கா, கிக்கு இருக்கா, இந்த ரெண்டைத்தான் கேக்குறானுக. ருசி என்னன்னு ஒருத்தன் கேட்டான்னா நான் நிம்மதியா ரிட்டயர் ஆயிருவேன்" என்பார். அவற்றில் ஒன்றையாவது கடைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு ஹெட் ஆபீஸ் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ள ஒரு ஒழுங்கான பேனல் வேண்டும். ஒரே பீரை ஏழெட்டுப் பேர் தனித்தனியாக ருசி பார்த்துச் சொல்லும் குழுவுக்குத்தான் பேனல் என்று பெயர். அதை உருவாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

2. போர்டு

எனக்கு விதிகள் என்றால் கொள்ளைப் பிரியம். டேஸ்டிங் ரூம் கதவில் என் கையாலேயே போர்டு எழுதி மாட்டினேன். பேனல் அன்று பூண்டு, வெங்காயம் கூடாது. வெற்றிலை, பீடி கூடாது. பவுடர், தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது. பூ வைத்தவர்கள் உள்ளே வரக்கூடாது.

கடைசி விதியில் தப்பு ஒன்றும் இல்லை. மூடிய அறையில் ஒரு முழம் மல்லிகை வந்தால் போதும். லாகரும் மல்லிகை, ஸ்டவுட்டும் மல்லிகை, தண்ணீரும் மல்லிகை. நானும் பஸ் ஏறும்போது ஆரப்பாளையத்தில் வாங்கி வைக்கும் பூவை லேபுக்கு வந்ததும் எடுத்து மேஜை டிராயரில் போட்டுவிடுவேன். சாயங்காலம் மறுபடி வைத்துக்கொள்வேன். அது எனக்குக் கண்ணாடியைக் கழற்றி வைப்பது மாதிரி.

மூக்கு நன்றாக இருக்கும் ஆட்களைத் தேடி பாட்டிலிங் செக்‌ஷன் பெண்களைக் கூப்பிட்டேன். போர்டைப் படித்துக் காட்டியதும் பொன்னுத்தாய் என்பவள் இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏன் மேடம், பூவை எடுத்துட்டு வரச்சொல்லி எந்தக் கம்பெனியிலயாவது கேட்ருக்கீகளா? எம் புருசன் கல்லு மாதிரி இருக்காரு. காலங்காத்தால மொட்டத் தலையா உக்காரச் சொல்றீக?"

"கொஞ்ச நேரந்தாம்மா. நடுநடுவுல பிஸ்கட்டும் தருவோம்."

"கொஞ்ச நேரமோ நெறைய நேரமோ, எனக்கு உங்க பீரும் வேணாம், பிஸ்கட்டும் வேணாம். நான் வாரேன்."

அவள் போனதும் பின்னாலேயே மற்றவர்களும் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். முத்துலட்சுமி. வெள்ளை விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடும் பாட்டில்களுக்குள் தூசி, பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்திருந்தான். அவள் தலையில் எடுப்பதற்குப் பூவே இல்லை.

"நான் இருக்கேன் மேடம்" என்றாள்.

ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அப்படியே உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

3. நெய் வாசம்

முத்துலட்சுமி, லேபில் இருவர், ஸ்டோர் ஆட்கள், பாய்லர் ஆபரேட்டர் கருப்பையா, நான். இதுதான் எங்கள் பேனல். கருப்பையா அதிகம் பேச மாட்டார். ருசி பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுவார், அதோடு சரி.

நாங்கள் செய்த முதல் கூத்து என்னவென்றால், கெட்டுப்போன பீருக்கு முதல் மார்க் போட்டதுதான். மாணிக்கம் சார் ரகசியமாக ஒரு கிளாஸில் குறை உள்ள பீரைக் கலந்து வைத்திருந்தார். காய்ச்சிய பீர் டேங்கில் போதுமான நாள் கிடக்காவிட்டால் அதில் வெண்ணெய் வாசம் வரும். டையசெட்டில் என்று பெயர். உலகம் முழுக்க அது குறை. எங்கள் ஏழெட்டுப் பேருக்கும், நான் உள்பட, அந்தக் கிளாஸ்தான் தேவாமிர்தமாக இருந்தது.

"அடப்பாவிகளா!" என்று சார் தலையில் கை வைத்தார். "நெய் வாசம் வருதுன்னா அது இன்னும் பச்சப்புள்ளன்னு அர்த்தம்யா!"

"பொங்கல்ல வந்தா நல்லதுங்கிறோம், இதுல வந்தா கெட்டதா சார்?" என்று கருப்பையா கேட்டார். நியாயமான கேள்வி.

நல்ல வாசம் வேறு, அந்த இடத்தில் இருக்க வேண்டிய வாசம் வேறு என்பதை எங்கள் மூக்குகளுக்குப் புரிய வைக்கப் பல வாரம் ஆனது. முத்துலட்சுமிதான் முதலில் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு நெய் வாசம் இழையளவு வந்தாலும் கிளாஸை லேசாகத் தள்ளி வைத்துவிடுவாள். ஸ்டவுட்டைக் குடித்துவிட்டு "கேப்பக்களி அடிப்புடிச்சிருச்சு மேடம், ஆனா வேணும்னே புடிக்க வச்சிருக்காக" என்றாள். பேல் ஏலுக்கு "நார்த்தங்காத் தோலு". வீட் பீர் வந்த அன்று கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். "நாட்டு வாழப்பழத்துல கிராம்பைக் குத்தி வச்ச மாதிரி இருக்கு" என்றாள். மாணிக்கம் சார் அதை அப்படியே ஹெட் ஆபீஸுக்கு இங்கிலீஷில் எழுதி அனுப்பினார்.

வீட்டில் என்ன சொன்னாள் என்று ஒருநாள் கேட்டேன். "மாமியாருக்குத் தெரியும். நாக்குக்குத்தான் சம்பளம், தொண்டைக்கு இல்லன்னு சொல்லிருக்கேன்" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவளை மிகவும் பிடித்துப் போயிற்று.

4. சைக்கிள் ஷெட்

ஹெட் ஆபீஸ் மனம் இறங்கியது. மார்க்கெட்டிங் மேனேஜர் சென்னையிலிருந்து ஒரு திங்கட்கிழமை வந்தார். அவர் கண்முன்னால் பேனல் நடக்கும், அதை வைத்து வீட் பீர் கடைக்குப் போகுமா போகாதா என்று அன்றே முடிவு. மாணிக்கம் சார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். கிளாஸ் ஊற்றும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்.

பதினொரு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியாகக் கதவு திறந்தது. ஆளுக்கு முன்னால் வாசம் வந்தது.

முத்துலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். தலை நிறைய மல்லிகை. கழுத்தில் மஞ்சள் கயிறு. கருப்பையா தன் கிளாஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது. முந்தின நாள் கோயிலில் வைத்துக் கருப்பையா அவளுக்குத் தாலி கட்டியிருக்கிறார். லேபில் எங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது உண்மை. ஆனால் வாயில் வந்தது பழக்கம்தான்.

"முத்துலட்சுமி, பூவை எடுத்து வெளியில வச்சிட்டு வா."

அவள் நகரவில்லை. மாணிக்கம் சார் கெஞ்சுகிற குரலில் சொன்னார். "ஒரு அரை மணி நேரந்தாம்மா. நீ இல்லாம இது நடக்காது."

"ஏழு வருசத்துக்கு முன்னாடி நாலு பேரு சேந்து எந்தலையில இருந்து எடுத்தாக சார்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. இன்னைக்குச் சொல்றேன். பேனல்ல இருந்து என்னைய வேணா எடுத்துருங்க. பூவை எடுக்கச் சொல்லாதீக."

கருப்பையா எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "அந்தம்மா இல்லாம நடத்திருங்களேன். ஒரு ஆள்தானே?"

அந்தப் போர்டை எழுதிய கை என்னுடையது. அவளுக்கு நாங்கள் பேனலில் இடம் கொடுத்ததே அவள் தலை வெறுமையாக இருந்ததால்தான். இப்போது அது நிறைந்ததும் வெளியே போ என்றால் அதை விடக் கேவலம் எதுவும் இல்லை. நான் மூன்று கிளாஸ்களை மூடி, தட்டில் எடுத்துக்கொண்டேன்.

"சார், மத்தவங்க இங்கயே இருக்கட்டும். இவளுக்கு நான் வெளிய வச்சுத் தாரேன்."

வெயில் பட்டால் பீர் நாறிவிடும். அதனால் நிழலாகப் பார்த்து சைக்கிள் ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒரு ஸ்டூலைத் துடைத்து அவளை உட்கார வைத்தேன். "பூ வாசம் இடிக்குமா?" என்று கேட்டேன். "காலையில இருந்து வச்சிருக்கேன் மேடம், எம் பூ வாசம் எனக்கே தெரியல" என்றாள். அதுவும் சரிதான். எங்கள் கம்பெனி மால்ட் வாசம் பஸ் கண்டக்டருக்கு ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னாலேயே தெரியும், எங்களுக்குத் தெரியாது.

மூன்று கிளாஸில் இரண்டு ஒரே பீர், ஒன்று வேறு. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்கு நாக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் வைக்கும் சோதனை இது. அவள் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்யும் வேலை. முதல் கிளாஸை முகர்ந்தாள். முழுங்கினாள். இரண்டாவது. மூன்றாவது. மறுபடியும் முதல். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தூரத்தில் மாணிக்கம் சார் ஜன்னலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது முத்துலட்சுமி?"

அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, வாயில் சிரிப்பு.

"இன்னைக்கு என் நாக்கை நம்பாதீக மேடம். எல்லாமே நல்லாருக்கு."

நான் உள்ளே போய், இன்று பேனல் இல்லை என்றேன். மேனேஜர் காரணம் கேட்டார். பேனல் உறுப்பினர் ருசி பார்க்கும் நிலையில் இல்லை என்றேன். உடம்புக்கு என்ன என்றார். "ஒண்ணுமில்ல சார். இன்னைக்குத் தன் நாக்கை நம்ப வேணாம்னு அவளே சொல்லிட்டா. சந்தோசமா இருக்கா." அவர் மாணிக்கம் சாரைப் பார்த்தார். வருஷக்கணக்காக இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்த மனிதர் அவர். மாணிக்கம் சார் இஸ்திரி போட்ட சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"எம் பீரைக் குடிச்சிட்டு ஒருத்தி பொய் சொல்லாம இருந்தாளே சார், அது போதும். அடுத்த வாரம் வாங்க" என்றார்.

அடுத்த வாரம் பேனல் சைக்கிள் ஷெட்டில்தான் நடந்தது. பூ வைத்தவர்கள் காற்று போகும் பக்கமாக உட்கார்ந்தார்கள். பொன்னுத்தாயும் பந்தாவாக வந்து உட்கார்ந்தாள். முத்துலட்சுமி முதல் கிளாஸை முகர்ந்ததுமே தள்ளி வைத்தாள். நெய் வாசம். டேங்கில் இன்னும் சில நாள் போட்டு, அதற்கப்புறம்தான் வீட் பீர் வெளியே போனது. போர்டில் அந்தக் கடைசி வரியை நானே சுரண்டி எடுத்தேன். இன்று லேபில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விதி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்ட பிறகு, அதற்கு ஒத்துவந்த ஆள் ஏன் ஒத்துவந்தாள் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை, மேனேஜரை அனுப்பிவிட்டுக் கிளாஸ்களை எடுக்க ஷெட்டுக்குத் திரும்பினேன். முத்துலட்சுமி அதே ஸ்டூலில் இருந்தாள். என் வெறும் தலையைப் பார்த்தாள். பிறகு தன் பூவிலிருந்து ஒரு சாண் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, நீட்டாமல் தயங்கினாள். ஏழு வருஷமாக அவள் கையால் யாரும் பூ வாங்கியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னைக்குத்தான் பேனல் இல்லையே மேடம்" என்றாள்.

நான் தரையிலேயே திரும்பி உட்கார்ந்து, வச்சு விடு என்றேன்.