பாதியில் நின்ற வரி

காலை பத்தே முக்கால். அச்சுப்பொறியிலிருந்து வந்த தாளின் கடைசி வரிதான் முதலில் கண்ணில் பட்டது. என் பக்கத்து இருக்கைத் தோழி எழுதிய பகுதி தொடங்கியதைச் சொல்லும் வரி அது. அதற்குக் கீழே வெறும் தாள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பழவங்காடியில் ஒரு மாடியில், நூலகங்களுக்கான தேடல் நிரலை சி மொழியில் எழுதிக்கொண்டிருந்தோம். அது ஓடும்போதே நின்றுபோனது. எங்கே என்று அறிய ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒரு வரி அச்சிட வைப்போம். கடைசி வரி யாருடையதோ, பிழையும் அவருடையது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தோழிக்கு அது பணி உறுதியாக வேண்டிய மாதம். நிரல் ஏன் நிற்கிறது என்று தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டிருந்தது. கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் குடியிருந்த எங்கள் பிரிவுத் தலைவர், “கடைசி வரி உன்னோடதாக்கும். இதுக்கு மேலே என்ன வேணும்?” என்று சொல்லி, தாளோடு அறிக்கையையும் ஃபேக்ஸில் அனுப்பிவிட்டார்.

அவள் நகரவில்லை. “வரி பாதிச் சொல்லுல நிக்குது சார், பாத்தியளா?” என்றாள். ஒருமுறை திரையில் ஓட்டிப் பார்க்கக் கேட்டாள்.

“போனக்காட்டு அட்டையான்னா இருக்கே. ஒட்டிண்டா விடமாட்டேங்கறயே.”

“ரத்தம் வேண்டாம் சார். ஸ்கிரீன் போதும்.”

ஓட்டினாள். அவளுடைய வரிக்குப் பிறகும் நான்கு வரிகள் வந்தன. அதன் பின்தான் நிரல் நின்றது. கடைசி வரி, வேலையை விட்டு வளைகுடாவுக்குப் போய்விட்ட ஒருவருடையது. திரைக்கு அச்சிடும்போது ஒவ்வொரு வரியும் முடிந்தவுடன் வெளியே போய்விடுகிறது. அதையே கோப்புக்குத் திருப்பினால், எழுத்துகள் இடையில் ஒரு நினைவகப் பகுதியில் சேர்கின்றன; அது நிறைந்தால்தான், வரி முடிந்ததோ இல்லையோ, மொத்தமாகக் கோப்புக்குப் போகும். நிரல் திடீரென நின்றால் சேர்ந்து காத்திருந்தவை அழிந்துவிடும். தாளில் எடுப்பதற்காக நாங்கள் கோப்புக்குத் திருப்பியிருந்தோம். இன்றும் எந்தப் பதிவைப் பார்த்தாலும், கடைசி வரி முழுமையாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். அன்று அந்த அறையில் ஆறு பேர் தாளைப் பார்த்தோம். எல்லோரும் யாருடைய வரி என்றுதான் பார்த்தோம்.

தலைவர் வாதாடவில்லை. மதியத்துக்குள் தம் கையாலேயே அறிக்கைக்குத் திருத்தம் எழுதிக் கையெழுத்திட்டார். ஃபேக்ஸ் அவசரங்களுக்கு மட்டும் என்பது அலுவலக வழக்கம். மற்றவை கூரியர் தட்டில் கிடக்கும், ஒரு பை நிறையச் சேர்ந்ததும் போகும். திருத்தத்தைத் தட்டில் வைத்தார்கள்.

அவளுடைய தகுதிகாண் பருவத்தை ஆறு மாதம் நீட்டிக்கும் உத்தரவு வந்தபோது திருத்தம் தட்டிலேயே இருந்தது.