ஆட்டின் கழுத்தில் ஒரு கீறல்

அலுவலகத்தில் மற்றவர்களின் வரைவுகளைத் திருத்தியே ஓய்வு பெற்றவன் நான். பிறகு திண்டுக்கல்லில், மரக்கட்டையில் படம் செதுக்கி அச்செடுக்கும் வகுப்பில் சேர்ந்தேன். செய்முறை முழுவதையும் படித்த பிறகே உளியைத் தொட்டதால், என் மலைக்கோட்டை முதல் அச்சிலேயே பிழையின்றி வந்தது. "சரியா இருக்கு சார்" என்று ஆசிரியர் நகர்ந்துவிட்டார்.

பக்கத்து மேசை ஜரீனா, தோல் பை தைப்பவர். ஓர் ஆட்டை ஆறு முறை அச்செடுத்து, ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்புட்டு சீக்கிரம் முடிச்சிட்டீங்களே சார். என்னோடது இன்னும் செத்த ஆடாவே நிக்குது" என்பார். ஆசிரியரோ அந்த மேசையை விட்டு அசையமாட்டார். வகுப்பிலிருந்து கண்காட்சிக்கு ஒரே ஒரு படம்தான் போகும்.

ஜரீனா டீ குடிக்கப் போன நேரத்தில், அவருடைய கட்டையில் ஆட்டின் கழுத்திலிருந்து ஓரம்வரை உளியால் கீறினேன். செதுக்கிய மரம் திரும்ப ஒட்டாது என்று தெரிந்தே செய்தேன்.

அவர் அதையும் அச்செடுத்து வெகுநேரம் பார்த்தார். "எங்கிட்டோ கை தவறிருக்கு சார். இருக்கட்டும், கயிறாக்கிருவோம்" என்று கால்களைச் சுற்றி இன்னும் கொஞ்சம் செதுக்கினார். எட்டாவது அச்சில் அந்த ஆடு கயிற்றை இழுத்துத் திமிறியது.

கண்காட்சிக்கு அதுதான் போனது. நான் இன்னும் ஜரீனாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. இனிச் சொன்னால் அது மன்னிப்புக் கேட்பதாக இருக்காது, பங்கு கேட்பதாகவே இருக்கும்.